ஓட்டிக் காட்டு, பிறகு விலை சொல்
கணினிப் பயனர்களின் கொள்கைப் பிரகடனம்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. முந்தைய நாள் வரை பில் போட்டுக்கொண்டும், கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டும், சிட்டா நகல் எடுத்துக்கொண்டும் இருந்த கணினிகள் மறுநாளும் அதே வேலையை அதே வேகத்தில் செய்தன. ஆனால் அவற்றின் சொந்தக்காரர்களுக்குப் போன செய்தி: உங்கள் மெஷின் பழசு, புதியதற்கு மாறுங்கள். இதே விண்டோஸ் 10-ஐத்தான், 2015 மே மாதம் சிகாகோவில் நடந்த இக்னைட் மாநாட்டில், விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவன ஊழியர் ஒருவர் மேடையேறிச் சொன்னார். பத்திரிகைகள் அதைத் தலைப்பாகப் போட்டன. நிறுவனம் மறுக்கவில்லை, விண்டோஸ் இனி ஒரு சேவையாக வந்துகொண்டே இருக்கும் என்று விளக்கம் தந்தது. ஆறே ஆண்டில், 2021 அக்டோபர் 5-ஆம் தேதி, விண்டோஸ் 11 கடைக்கு வந்துவிட்டது.

இந்தப் பிரகடனத்தை எழுதுகிற நாங்கள் கணினி விஞ்ஞானிகள் இல்லை. டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவர்கள், டேலியில் கணக்கு எழுதுகிறவர்கள், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், பள்ளிக் கணினி ஆய்வகத்தின் சாவி யாரிடம் என்று கேட்டால் கை தூக்கும் ஆசிரியர்கள், ரிச்சி தெருவில் மதர்போர்டைப் பிரித்துப் போட்டிருக்கும் மெக்கானிக்குகள், அரசு கொடுத்த மடிக்கணினியில் படித்து வேலைக்குப் போனவர்கள். மேடையில் யாரோ சொன்னதற்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்லி மாளாதவர்கள். எந்தக் கம்பெனி மேலும் எங்களுக்குப் பகை கிடையாது. ஓர் இயங்குதளத்தைப் பற்றிச் சொல்லப்படும் எந்தப் பெருமையும், எந்த மெஷினில், எதோடு ஒப்பிட்டு, யார் அளந்தது என்ற விவரத்தோடு வர வேண்டும். வராதவரை நாங்கள் நம்ப மாட்டோம். நம்பாததற்குக் காரணம் சொல்ல வேண்டியது எங்கள் வேலை இல்லை. நம்ப வைக்க வேண்டியது விற்பவர் வேலை. இதை ஊரறியச் சொல்லத்தான் இந்த இயக்கம்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் சூட்டு விழாக்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர்கள் நாங்கள்.

அந்த விழாக்களுக்கெல்லாம் முன்னோடி 1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 வெளியான அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸ் வண்ணத்தில் விளக்குப் போட்டார்கள். விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு. நள்ளிரவில் கடை வாசலில் வரிசை. பெட்டியின் மேல் 386 ப்ராசஸர், 4 எம்.பி. ரேம் போதும் என்று அச்சிட்டிருந்தது. போதும்தான், நிறுவுவதற்கு. ஒரு கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு புரோகிராமையும் திறந்தால் ஹார்டு டிஸ்க் உறுமத் தொடங்கிவிடும். குறைந்தபட்சத் தேவை என்று பெட்டியில் போடும் எண், நிறுவ முடிகிற எண்ணா, வேலை பார்க்க முடிகிற எண்ணா? முப்பது ஆண்டாக இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. விண்டோஸ் 11 பெட்டியில் 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம் என்று போட்டிருக்கிறது. 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. வைத்த மலிவு லேப்டாப்பை வாங்கி, இரண்டு அப்டேட் முடிந்த பிறகு டிரைவில் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடி வருகிறவரிடம் அந்த எண்ணை யார் விளக்குவது?

எங்கள் இயக்கத்துக்கு மூல ஆவணம் ஒன்று வேண்டுமென்றால், அது 2006-இல் அமெரிக்கக் கடைகளில் விற்ற கணினிகளின் முகப்பில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கர். விண்டோஸின் அடுத்த பதிப்பான விஸ்டா தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அது வரட்டும் என்று ஜனங்கள் கணினி வாங்காமல் காத்திருந்துவிட்டால் கடைக்காரர் கதி? எனவே முந்தைய பதிப்பான எக்ஸ்.பி. போட்ட கணினிகளிலேயே, இது விஸ்டாவுக்கு ஏற்றது என்று முத்திரை ஒட்டி விற்றார்கள். அந்த முத்திரைக்குத் தகுதி 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 512 எம்.பி. ரேம். விளம்பரத்தில் காட்டியதோ ஏரோ என்ற, கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் ஜன்னல்கள். முத்திரை குத்திய கணினிகள் பலவற்றில் ஹோம் பேசிக் என்ற அடிமட்டப் பதிப்பைத்தான் சரியாக ஓட்ட முடியும். அந்தப் பதிப்பில் ஏரோவே கிடையாது.

இதில் இன்டெலின் 915 சிப்செட்டின் கதை தனி. விஸ்டாவின் புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் முறைக்கு அது ஒத்துவரவில்லை. முதலில் எழுதிய விதிப்படி அதற்கு முத்திரை கிடைக்காது. பிறகு விதியைத் தளர்த்தினார்கள். ஏன் என்பதை மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே மின்னஞ்சலில் எழுதி வைத்தார்: இன்டெல் தன் காலாண்டு வருமானக் கணக்கை எட்ட உதவுவதற்காக. பழைய விதியை நம்பி உயர்ந்த சிப்செட்டில் பணம் போட்டிருந்த ஹெச்.பி. கொதித்துப்போனது. எல்லாவற்றையும்விட, மைக் நாஷ் என்ற மைக்ரோசாஃப்ட் துணைத்தலைவர் அந்த முத்திரையைப் பார்த்து ஒரு சோனி லேப்டாப் வாங்கினார். ஏரோ ஓடவில்லை. 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்கும் பெட்டி வாங்கியிருக்கிறேன் என்ற பொருளில் சக அதிகாரிகளுக்கு எழுதினார். சொந்தக் கம்பெனியின் துணைத்தலைவரே ஏமாந்த ஸ்டிக்கரைப் பார்த்து வாங்கிய சாமானியரைப் பார்த்து, விவரம் தெரியாதவர் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

இந்த மின்னஞ்சல்கள் வெளியே வந்ததே, வாங்கியவர்கள் 2007-இல் சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போனதால்தான். நீதிபதி மார்ஷா பெக்மன் 2008 பிப்ரவரியில் அதை எல்லோருக்குமான கூட்டு வழக்காக ஏற்றார். ஓராண்டு கழித்து, 2009 பிப்ரவரியில், அந்தத் தகுதியை நீக்கினார். முத்திரையால் கணினிகளின் விலை கூடியது என்பதை வாங்கிய எல்லோருக்கும் பொதுவாக நிரூபிக்க முடியவில்லை என்பது காரணம். மின்னஞ்சல் கையில் இருந்தும் கூட்டு வழக்கு நிற்கவில்லை. வாங்கிய பிறகு நீதிமன்றப் படியேறுவதைவிட, வாங்கும் முன் கவுன்ட்டரில் நின்று கேட்பது மேல் என்று நாங்கள் முடிவுசெய்தது இந்த வழக்கைப் படித்த பிறகு.

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விஸ்டாவைத் திட்டியவர்கள் எல்லோரும் விஸ்டாவைப் பார்த்தவர்கள் இல்லை. 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வேலை செய்தது. விஸ்டா மோசம் என்று சொன்னவர்களைக் கூப்பிட்டு, மொஹாவே என்ற புதிய இயங்குதளம் என்று சொல்லி ஒன்றைக் காட்டியது. நன்றாக இருக்கிறதே என்றார்கள். அதுதான் விஸ்டா என்று சொல்லி, அவர்கள் முகம் மாறுவதைப் படமெடுத்து விளம்பரமாக்கியது. அந்த விளம்பரத்துக்குள்ளும் ஓட்டை இருந்தது: மெஷின் கம்பெனி தேர்ந்தெடுத்தது, ஓட்டிக் காட்டியது பழகிய கை, வீட்டில் கிடக்கும் பழைய பிரின்டரை மாட்டிப் பார்க்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது எங்களைப் போன்றவர்கள் மேல் விழுந்த அடியும்தான். 2009-இல் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய விண்டோஸ் 7, விஸ்டா போட்ட அஸ்திவாரத்தின் மேல் நின்றது. கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு நையாண்டி செய்பவருக்கும், கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு வாங்குபவருக்கும் எங்கள் கணக்கில் வித்தியாசம் கிடையாது. இந்த இயக்கத்தில் ஸ்லோவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், எத்தனை விநாடி என்று கேட்போம்.

எண்களைச் சொன்னாலும் விடமாட்டோம். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் கட்டாயம் என்றதும், நல்ல நிலையில் இருந்த ஏராளமான கணினிகள் வரிசைக்கு வெளியே போயின. ஏன் என்று உலகமே கேட்டபோது, 2021 ஆகஸ்டில் நிறுவனம் தந்த பதிலில் இரண்டு எண்கள் இருந்தன. தகுதி இல்லாத கணினிகளில் கெர்னல் அளவிலான கிராஷ் 52 சதவீதம் அதிகம். தகுதி உள்ளவற்றில் 99.8 சதவீதம் கிராஷ் இல்லாத அனுபவம். முதல் எண்ணைக் கேட்டால் பயமாக இருக்கிறது. இரண்டும் ஒரே அளவையில் எடுத்ததா என்று சொல்லவில்லை. ஒரே அளவை என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 0.2 ஆக இருந்தது 0.3 ஆகிறது. அந்த வித்தியாசத்துக்காக ஒரு குடும்பம் நாற்பதாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டுமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவுசெய்ய வேண்டும். முடிவுசெய்ய, 52-ஐ மட்டும் காட்டினால் போதாது. தகுதி இல்லாத ப்ராசஸரிலும் நிறுவிக்கொள்ள ஒரு ரெஜிஸ்ட்ரி வழியைப் பின்னால் அதே நிறுவனம் எச்சரிக்கையோடு வெளியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். டி.பி.எம்.மால் பாதுகாப்புக் கூடுகிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. யாருக்கு, எந்த ஆபத்திலிருந்து, எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

வெளியாட்கள் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ரீகால் சாட்சி. 2024 மே 20-ஆம் தேதி கோபைலட் பிளஸ் கணினிகளை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குப் போடும் தனிச் சிப், அதன் முதன்மைக் கவர்ச்சியாக ரீகால். சில விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளும்; போன வாரம் பார்த்தது எங்கே என்று கேட்டால் தேடித் தரும். எல்லாம் உங்கள் கணினிக்குள்ளேயே, பத்திரமாக என்றார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் உள்ளே புகுந்து பார்த்தபோது, படத்திலிருந்து பிரித்தெடுத்த எழுத்தெல்லாம், அந்தக் கணக்கில் ஓடும் எந்த புரோகிராமும் வாசிக்கக்கூடிய ஒரு டேட்டாபேஸில் கிடந்தது. வங்கிப் பக்கம் திறந்திருந்தால் அதுவும்தான். ஜூன் 7-ஆம் தேதி, பயனர் கேட்டால் மட்டுமே ரீகால் இயங்கும் என்று மாற்றினார்கள். ஜூன் 13-ஆம் தேதி வெளியீட்டையே தள்ளிவைத்தார்கள். பாதுகாப்பைச் சீர்படுத்தி, பொதுவாக எல்லோருக்கும் விட 2025 ஏப்ரல் ஆயிற்று. மூன்றரை வாரம், சில பேர் நேரம் செலவழித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஆப்பிளும் விலக்கு இல்லை. 2024 செப்டம்பரில் ஐபோன் 16 விற்பனையின்போது காட்டிய சிரியின் புதிய திறமை 2025 மார்ச்சில் தள்ளிப்போனது. அதைக் காட்டிய விளம்பரத்தையும் கழற்றி வைத்தார்கள். போனை அதற்குள் வாங்கியவர்கள் வாங்கியதுதான்.

நம் ஊர் என்றால் மட்டும் தராசு சாய வேண்டுமா? 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அடைகாத்து வளர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கியதாக பார்ஓஎஸ் என்ற கைபேசி இயங்குதளம் அறிமுகமானது. தேவையற்ற செயலிகள் முன்கூட்டியே இருக்காது, நம்பகமான செயலிகள் மட்டும் தனிக் கடையிலிருந்து வரும் என்றார்கள். மத்திய அமைச்சர்கள் தர்மேந்திர பிரதானும் அஸ்வினி வைஷ்ணவும் கையில் வாங்கிச் சோதித்தார்கள். 100 கோடிக் கைபேசிப் பயனர்களுக்குப் பயன்படக்கூடியது என்று செய்தி பறந்தது. அன்றைய நிலையில் அது கிடைத்தது, ரகசியம் காக்க வேண்டிய சில நிறுவனங்களின் ஊழியர்களுக்கு. அடித்தளமோ கூகுள் திறந்து வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு மூலநிரல். அதில் அவமானம் எதுவும் இல்லை, உலகமே அப்படித்தான் கட்டுகிறது. சீனத்தின் ஹுவாவே தன் ஹார்மனி ஓ.எஸ்.ஸை ஆண்ட்ராய்டின் நகல் இல்லை என்று சொல்லிவந்தபோது, 2021-இல் சோதித்தவர்கள் உள்ளே ஆண்ட்ராய்டையே கண்டார்கள். அதன் பிறகு அந்நிறுவனம் உண்மையிலேயே ஆண்ட்ராய்டு இல்லாத பதிப்பைக் கட்டி 2024-இல் வெளியிட்டது என்பதையும் மறைக்க மாட்டோம். நாங்கள் குறை சொல்வது, சுதேசிக் கொடியைக் கட்டிவிட்டால் கேள்வி கேட்பவன் தேசத்துக்கு ஆகாதவன் என்று ஆக்கிவிடும் வழக்கத்தை. சென்னையிலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடியாகக் கொண்டது என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் வந்தது. அதனால் அதன் மதிப்பு ஒரு காசும் குறையவில்லை.

இனி தமிழுக்கு வருகிறோம். தமிழ் ஆதரவு உண்டு என்று பெட்டியில் ஒரு வரி இருக்கும். சிவகாசியிலோ கும்பகோணத்திலோ ஒரு டி.டி.பி. சென்டருக்குள் போய்ப் பாருங்கள். மூலையில் நெட் இணைப்புப் பிடுங்கிய எக்ஸ்.பி. மெஷின் ஒன்று இருக்கும். அதில் பேஜ்மேக்கர் 7, பின்னால் ஃபான்ட் மென்பொருளுக்கான டாங்கிள். இருபது வருஷக் கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கட்சி நோட்டீஸ் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அதற்குள் இருக்கின்றன. அந்தக் கோப்பைப் புது மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வாந்தியெடுத்தது போல் வரும். யூனிகோடில் அடித்ததைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால் அதற்குத் தமிழே தெரியாது. சரி, புது மென்பொருளுக்கு மாறலாம் என்றால், சிலவற்றில் 'கொக்கு' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு தனியாக, க தனியாக, கால் தனியாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு பிரிந்து நிற்கும். தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை 1999-இல் தரப்படுத்தியது. விண்டோஸுக்குள் அது உடன்வரும் விசைப்பலகையாக வந்தது 2019-இல். இடைப்பட்ட இருபது ஆண்டும் அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள்தான் சோறு போட்டன. அந்த இருபது ஆண்டிலும் பெட்டி மேல் தமிழ் உண்டு என்றுதான் இருந்தது. மெனு தமிழிலா, விசைப்பலகை எது, பழைய கோப்பு திறக்குமா, அச்சுக்குப் போகும் பி.டி.எஃப்.பில் தமிழைத் தேடினால் கிடைக்குமா என்று நான்கு கேள்விக்கும் தனித்தனியே பதில் இல்லாமல் அந்த வரியை அச்சிடக் கூடாது.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். 2022 ஜூன் 9-ஆம் தேதி வந்த வழிகாட்டு நெறிகள், கீழே போடும் நிபந்தனை மேலே சொன்னதற்கு முரணாக இருக்கக் கூடாது, விளம்பரம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும் என்கின்றன. தமிழ் நாளிதழில் அரைப் பக்கத்துக்குத் தமிழில் ஆனை குதிரை சொல்லிவிட்டு, நட்சத்திரக் குறிக்குக் கீழே எறும்பு ஊர்வது போல ஆங்கிலத்தில் நிபந்தனை போடும் ஒவ்வொரு விளம்பரத்தையும் வெட்டி அனுப்பப் போகிறோம். புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது.

எங்கள் கோரிக்கைகளில் முதலாவது, கடையில் ஓட்டிக் காட்டுவது. அதுவும் கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய் மெஷினில் வேண்டாம். அதே கடையில் விற்கும் ஆகக் குறைந்த விலை மெஷினில், எல்லா அப்டேட்டும் போட்ட பிறகு. நிறுவியதும் மிச்சமிருக்கும் இடம் எத்தனை ஜி.பி. என்று பெட்டியில் இருக்க வேண்டும். இரண்டு மடங்கு வேகம் என்றால் எதைவிட என்பது அதே வரியில் இருக்க வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருப்பது போல, பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதி வரை வரும் என்பது வெளியே தெரிய வேண்டும்; அந்தத் தேதியைப் பின்னால் முன்னுக்கு இழுக்கக் கூடாது. கணினியிலிருந்து என்னென்ன விவரம் கம்பெனிக்குப் போகிறது என்பதை, நிறுவும்போதே, நிறுவுகிறவர் மொழியில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி, கோப்புகள் போகாமல், குறைந்தது ஓராண்டு திறந்திருக்க வேண்டும். 2016-இல் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லும் அறிவிப்பின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினால், மூடுவதற்குப் பதிலாக மாற்றத்துக்குச் சம்மதம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கேட்காமலே வந்து இறங்கிய விண்டோஸ் 10-ஆல் தொழில் கெட்டது என்று வழக்குப் போட்ட கலிஃபோர்னியப் பெண்மணி ஒருவருக்கு அதே ஆண்டு 10,000 டாலர் கிடைத்தது. நம் ஊரில் அப்படி வேலை கெட்டவர்கள் பார்மட் அடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும்போது, டெண்டரில் விளம்பர வாசகத்தை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். வாங்கப்போகும் மாதிரியில் ஒன்றைக் கடைக்கோடிப் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில், அங்குள்ள மின்சாரத்தில், அங்குள்ள நெட்டில், ஒரு பருவம் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த ஆசிரியர் எழுதும் அறிக்கையைப் பொதுவில் வையுங்கள்.

எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதிகளும் உண்டு. சோதனை செய்த மெஷினின் ப்ராசஸர், ரேம், டிஸ்க், வாங்கிய ஆண்டு நான்கும் இல்லாத அறிக்கையை வெளியிட மாட்டோம். கணினி திறக்கும் நேரம், தமிழ்க் கடிதம் அடித்து அச்செடுப்பது, டேலி, பழைய ஸ்கேனர், கரன்ட் போய் வந்த பிறகு எழுவது என்று எல்லா மெஷினுக்கும் ஒரே சோதனை. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுத வேண்டும்; அதற்குக் கை நடுங்குகிறவர்கள் இங்கே வேண்டாம். கம்பெனி கொடுக்கும் இலவச மெஷினைத் தொடுவதில்லை, கடையில் பில் போட்டு வாங்கியது அல்லது உறுப்பினர் வீட்டில் ஓடுவது மட்டும். லினக்ஸ் அன்பர்களுக்கும் இதே விதி: நிறுவிக் கொடுத்துவிட்டு, வைஃபை டிரைவர் கிடைக்காமல் அந்த வீட்டார் தவித்ததை அறிக்கையில் மறைக்கக் கூடாது.

சேருவதற்குச் சந்தா கிடையாது. ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கணினிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் தாராளமாக வரலாம்; தங்கள் கம்பெனிப் பொருளைச் சோதிக்கும் குழுவில் மட்டும் உட்கார முடியாது. டீலர்களுக்கும் இதே நிபந்தனைதான். முதல் வேலையாக, விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறியவர்கள், மாற மறுத்தவர்கள், லினக்ஸுக்குப் போனவர்கள் மூன்று தரப்பிலும் ஒரே மாதிரி மெஷின்களைத் தேடிச் சேர்க்கிறோம். உங்களிடம் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின் சும்மா கிடந்தால் தூக்கிக்கொண்டு வாருங்கள். சார்ஜரை மறந்துவிடாதீர்கள்.